நான் சொல்லாத பிரசங்கம்

பிப்ரவரி 22, சாம்பல் புதன்

ஆராதனை முடிந்ததும் நாற்பத்தொரு நோட்டுகள் கொடுத்தேன். நீல அட்டை, நாற்பது பக்கம். ஈஸ்டருக்கு முந்தின லெந்து காலம் முழுவதும் வேதாகமத்தோடு இதையும் கொண்டுவர வேண்டும். இடதுபக்கம் பிரசங்கத்தில் கேட்டதை எழுதுவது. வலதுபக்கம் வீட்டுக்குப் போய் யோசித்து, தனக்கு என்ன தோன்றுகிறதோ அது. செவ்வாய்க்கிழமை என் வீட்டில், குருமனையில், கொடுத்தால் நான் வாசித்து, ஒரு வரி எழுதித் திருப்பித் தருவேன்.

சாலோம்புரத்தில் பாதிப் பேர் விடியுமுன் உப்பளத்துக்குப் போகிறவர்கள். முதுகைச் சாய்ப்பது ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில்தான். நான் தொடங்கிய மூன்றாம் நிமிஷத்தில் தலைகள் தொங்கும். கையில் பேனா இருந்தால் தூங்கமாட்டார்கள்.

ஊழியத்தில் எனக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மதுரநாயகத்துக்கு இதில் நம்பிக்கை இல்லை. “எழுதத் தெரியாதவங்க என்ன ஐயா செய்வாங்க?”

“படம் போடட்டும்.”

அதைக் கேட்டு முதல் ஆளாக வந்து வாங்கினவர் தாவீது. உப்பு வாருகிறவர், அறுபது வயது. “பென்சிலும் குடுப்பியளா ஐயா?”

சபையை எழுதச் சொல்லிவிட்டு நான் சும்மா இருப்பது முறையல்ல. அதனால் இந்த நாட்குறிப்பு, ஈஸ்டர் வரைக்கும். என் மனைவி பிரிசில்லாவுக்கும் ஒரு நோட்டு கொடுத்தேன். வாங்கி அரிசி டப்பாவின் மேல் வைத்துவிட்டு மீனைக் கழுவப் போனாள்.

பிப்ரவரி 26, ஞாயிறு

வனாந்தரத்தில் இயேசு சோதிக்கப்பட்டதைப் பற்றிப் பேசினேன். ஒருவரும் தூங்கவில்லை. நாற்பது தலைகள் குனிந்து எழுதுவதைப் பீடத்திலிருந்து பார்ப்பது புதுசு. ஏதோ விசாரணையில் நான் வாக்குமூலம் கொடுப்பது போலவும் இவர்கள் பதிவு செய்வது போலவும் ஒரு நொடி இருந்தது. வெயில் காரணமாக இருக்கலாம். ஜன்னல் வழியாக உப்புக் குவியல்கள் கண்ணைக் கூசவைத்தன.

பிப்ரவரி 28, செவ்வாய்

முப்பத்திரண்டு நோட்டுகள் வந்தன. சந்தோஷம். உபதேசியார் மூன்றே வரி எழுதியிருக்கிறார், மூன்றும் நான் செய்த இலக்கணப் பிழைகள். தாவீது ஒரு பாறையும் அதன் மேல் ஒரு சின்ன மனுஷனும் வரைந்திருக்கிறார். மனோரஞ்சிதம் அக்கா முப்பது வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆஸ்பத்திரியில் எழுதின பழக்கம், ஒவ்வொரு குறிப்புக்கும் மணி போட்டிருக்கிறார். 9.40, கல்லுகள் அப்பமாகும்படி. 9.46, தேவாலயத்து உப்பரிகை. 9.52, “அவள் மூன்று தரம் வந்தாள்.”

சோதனைக்காரன் மூன்று தரம் வந்தான் என்று நான் சொன்னதைத் தவறாகக் கேட்டிருக்கிறார். வயது அறுபத்தாறு. சிவப்பு மையில் திருத்திவிட்டேன்.

மார்ச் 1

தண்ணீர் லாரி வரவில்லை. பிரிசில்லாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தேர்வு வேலை. நான் சோறு வடித்தேன், குழைந்துவிட்டது.

மார்ச் 5, ஞாயிறு

கானானியப் பெண்ணின் பகுதி. திருச்சபைப் பஞ்சாங்கத்தில் இன்றைக்கு அதுதான் போட்டிருக்கிறது. நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் கத்திக்கொண்டே பின்னால் வருகிறாள், அவளை அனுப்பிவிடச் சொல்லிச் சீஷர்கள் கேட்கிறார்கள். அந்த இடத்தைச் சீக்கிரமாகக் கடந்து, விசுவாசத்தைப் பற்றிப் பேசினேன்.

மார்ச் 7, செவ்வாய்

நாலு நோட்டில் ஒரே வாக்கியம். “மூன்றாவது தரம் அவள் மழையில் வந்தாள், குடை இல்லை.”

நாலும் வேறு வேறு கையெழுத்து. நாலு பேரும் வேறு வேறு தெரு. மனோரஞ்சிதம் அக்கா 9.47 என்று போட்டிருக்கிறார். போன வாரம் நான் திருத்திய இடத்தில், என் சிவப்பு மையை அடித்துவிட்டு, பழையபடி “வந்தாள்” என்று எழுதியிருக்கிறார்.

மழையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

தாவீது ஒரு கதவு வரைந்திருக்கிறார். கதவுக்கு வெளியே ஒரு பெண். காலைச் சுற்றித் தண்ணீர். கதவின் மேல்பாதியில் கம்பி, கம்பியின் நடுவில் சிலுவை. இந்தக் குருமனையின் கதவில் கம்பி கிடையாது. இதற்கு முன் நான் ஊழியம் செய்த சேகரத்துக் குருமனையில் இருந்தது. தாவீது அந்த ஊருக்குப் போனதில்லை.

மார்ச் 8, புதன்

உபதேசியார் ஆராதனை முழுவதையும் போனில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் போடுவார். வாங்கிக் கேட்டேன். ஆராதனை எட்டரைக்குத் தொடங்குகிறது, அதிலிருந்து கணக்குப் பார்த்தால் 9.47 எங்கே வருமென்று தெரியும். அந்த இடத்தில் நான் எதுவும் பேசவில்லை. ஒரு வாக்கியத்தின் நடுவில் நிற்கிறேன். மின்விசிறிச் சத்தம், யாரோ இருமுவது, பேனாக்கள் காகிதத்தில் உரசுவது. பதினோரு வினாடி. பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன்.

நான் நிறுத்தினதாக எனக்கு ஞாபகமே இல்லை.

உபதேசியாரிடம் கேட்டேன். “இந்த இடத்தில் நான் ஏதாவது சொன்னேனா?”

“மழையில வந்த பொண்ணப் பத்திச் சொன்னியல்லா ஐயா. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்டு.”

“பதிவில் இல்லையே.”

அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். இரண்டு தரம் கேட்டார். “போனு பழசு ஐயா” என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 12, ஞாயிறு

இன்று பிரசங்கத்தை முழுவதும் எழுதி வைத்து, விரலை வரியில் ஓட்டி வாசித்தேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

மார்ச் 14, செவ்வாய்

பதினெட்டு நோட்டுகள்.

“நான் அவளிடம் சொன்னேன்: வீட்டுக்குப் போ, பொறுத்துக்கொள், அவருக்காக ஜெபம் பண்ணு.”

பதினெட்டிலும் இதே வரி. எழுத்துக்கூட்டி எழுதுகிறவர்கள்கூடப் பிழையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். மனோரஞ்சிதம் அக்காவின் வலதுபக்கத்தில்: “அவளை ஏன் அனுப்பினீர்கள் ஐயா?”

தாவீதின் பக்கத்தில் ஒரு கறுப்பு வட்டம். பென்சிலை அழுத்தி அழுத்திக் காகிதம் கிழிந்திருக்கிறது. என்னவென்று கேட்கவில்லை.

மார்ச் 15, புதன்

இந்த வார்த்தைகளை அறிந்தவர்கள் உலகத்தில் இரண்டு பேர்தான். ஆகவே பிரிசில்லாவிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

“சபையில் யாரிடம் பேசினாய்?”

“எதப் பத்தி?”

“சுகிர்தாவைப் பற்றி.”

இந்த ஊருக்கு வந்தபின் அந்தப் பெயரை நாங்கள் உச்சரித்தது இதுதான் முதல் தரம். அவள் துணி மடிப்பதை நிறுத்தினாள்.

“நான் யார்ட்டயும் சொல்லல. சொல்லியிருக்கணும். அன்னைக்கே சொல்லியிருக்கணும்.”

அரிசி டப்பாவின் மேலிருந்த நோட்டை எடுத்துவந்து விரித்தாள். தேதி மட்டும் போட்டிருக்கிறது. பிப்ரவரி 26, மார்ச் 5, மார்ச் 12. கீழே வெறும் கோடுகள்.

“எழுதவே இல்லையா?”

“எழுதத்தான் உக்காந்தேன். நீங்க ஏறி நின்னு வாய அசைக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் கேக்கல. பாட்டு கேக்குது, மணி கேக்குது, உபதேசியார் ஜெபிச்சா கேக்குது. நீங்க பேசினா மட்டும் ஒண்ணுமே கேக்கல. மூணு வாரமா இப்படித்தான்.”

காது டாக்டரிடம் போகலாம் என்றேன்.

“இப்போ நீங்க பேசறது கேக்குதே” என்றாள்.

மார்ச் 16

நாட்குறிப்பில் உண்மையை எழுத வேண்டும் என்று சபைக்குச் சொன்னவன் நான். ஆகவே சுருக்கமாக எழுதிவைக்கிறேன். சுகிர்தா முந்தின சேகரத்துப் பெண், இருபத்தாறு வயது. கணவர் சேகரத்தின் செயலாளர், ஊரில் பெரிய மனுஷர், என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர். குடும்பத்தில் சில மனஸ்தாபங்கள் இருந்தன. இரண்டு வருஷத்துக்கு முன் நவம்பரில் அவள் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து இறந்துபோனாள். விபத்து. ஆர்.டி.ஓ. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். அவள் குடும்பப் பிரச்சினை என்று என்னிடம் வந்ததில்லை என்று சொன்னேன். ஒரு குடும்பத்தின் பெயரைக் காப்பாற்றுவதும் மேய்ப்பனின் வேலைதான்.

மேலே எழுதினதை வாசித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது.

மார்ச் 19, ஞாயிறு

காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உபதேசியார் பிரசங்கித்தார்.

மார்ச் 21, செவ்வாய்

எல்லா நோட்டையும் வாசித்தேன். ஐந்து அப்பம், இரண்டு மீன், மிச்சம் பன்னிரண்டு கூடை. வேறு ஒன்றும் இல்லை. தாவீது மீன் வரைந்திருக்கிறார், செதிலோடு, அழகாக.

நோட்டுகளில் கோளாறு இல்லை என்று தெரிந்துவிட்டது.

மார்ச் 22, புதன்

இந்தத் திட்டம் போதும், நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று அறிவிக்கச் சொன்னேன். சாயங்காலமே மனோரஞ்சிதம் அக்கா ஏழெட்டுப் பெண்களோடு குருமனைக்கு வந்துவிட்டார்.

“அது எப்பிடி ஐயா பாதியில நிறுத்துவிய? அந்தப் பிள்ளைக்கு என்ன ஆச்சுன்னு இன்னும் சொல்லலியே.”

“எந்தப் பிள்ளைக்கு?”

“மழையில வந்தாளே, அவளுக்குத்தான். உப்பளத்துல வாரம் பூரா அதே பேச்சு. வியாழக்கிழமை பெண்கள் கூடுகையில அவளுக்காக ஜெபிக்கிறோம். பேரு தெரியாததுனால ‘ஆண்டவரே, எங்க சபை ஐயர் திருப்பி அனுப்பின பிள்ளை’ன்னு சொல்லி ஜெபிக்கிறோம்.”

அவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கோபம் இல்லை. அடுத்து என்ன என்று கேட்கிற முகங்கள்.

மார்ச் 26, ஞாயிறு

ஏழு நிமிஷம் மட்டும் பேசினேன். பீடத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, எங்கேயும் நிற்காமல்.

மார்ச் 28, செவ்வாய்

நான் நிறுத்தச் சொன்ன பிறகும் முப்பத்தொன்பது நோட்டு. “அவள் நீந்தத் தெரிந்தவள்.”

இது எனக்கே தெரியாது. பிரிசில்லாவிடம் கேட்டேன். “தெரியும். கிணத்துல குதிச்சுக் குளிக்கிற ஊரு அவ ஊரு. அவளே சொல்லியிருக்கா” என்றாள்.

மார்ச் 30, வியாழன்

மத்தியானம் இரண்டு மணி. தெருவில் ஒரு ஆள் இல்லை, உப்பின் வெள்ளை வெளிச்சம் கூடத்துக்குள் வந்து கிடந்தது. வாசலில் செல்வமலர் நின்றாள். உப்பளத்தில் வேலை செய்கிற பெண், பாடகர் குழுவில் இரண்டாம் வரிசை. கணவன் ஜஸ்டின் லாரி ஓட்டுகிறான். தலையில் கட்டின துணியை எடுக்காமலே உட்கார்ந்தாள். பிரிசில்லா பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை.

“ஐயா, அந்தப் பொண்ணு கதை என் கதை மாதிரியே இருக்கு.”

துணியை எடுத்தாள். காதுக்கு மேலே முடி கொத்தாக இல்லை. தோல் கறுத்திருந்தது.

“நாலு வருஷமா இப்பிடித்தான். போன மாசமே ஒங்ககிட்ட வந்திருக்கணும். ஆனா அவளுக்குச் சொன்னதயே எனக்கும் சொல்லிருவியளோன்னு பயந்துதான் வரல. நீங்க கதைய ஒவ்வொரு வாரமாச் சொல்லச் சொல்ல, ஐயருக்கு மனசு உறுத்துது, இனிமே அப்பிடிச் சொல்லமாட்டாவன்னு தோணிச்சு.”

நான் வாயைத் திறந்தேன். கர்த்தர் சாட்சி, என் வாயில் முதலில் வந்த வார்த்தை “வீட்டுக்குப்” என்பதுதான். அது வெளியே வந்தேவிட்டது. அதே குரல், அதே கனிவு, பக்கத்தில் வேறு யாரோ உட்கார்ந்து பேசினதுபோல் என் காதில் விழுந்தது. செல்வமலர் எழுந்துவிட்டாள். துணியை மறுபடி தலையில் சுற்றினாள்.

“போகாதே” என்றேன். “வீட்டுக்குப் போகாதே. உட்காரம்மா. பிரிசில்லா இப்போ வந்துவிடுவாள்.”

அவள் நின்றுகொண்டே இருந்தாள். நான் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கக்கூடாது என்று தோன்றியது. சமையலறைக்குப் போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன். வந்து பார்த்தபோது உட்கார்ந்திருந்தாள்.

ஏப்ரல் 1, சனி

காலையில் ஜஸ்டின் வந்து வாசலில் நின்று கத்தினான். “என் பொண்டாட்டிய ஐயர் வீட்டுல ஒளிச்சு வெச்சிருக்காரு!” தெரு முழுவதும் வெளியே வந்துவிட்டது. மகளிர் காவல் நிலையத்தில் நேற்றே புகார் கொடுத்தாயிற்று, நானே கூடப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். உபதேசியார் என் பக்கத்தில் வந்து நின்றார். தாவீதும் வந்தார், உப்பு வாருகிற பலகை கையில். ஜஸ்டின் காறித் துப்பிவிட்டுப் போனான்.

செல்வமலர் உள்ளே பிரிசில்லாவோடு பயறு உடைத்துக்கொண்டிருந்தாள். கைகள் நிற்கவேயில்லை.

ஏப்ரல் 2, குருத்தோலை ஞாயிறு

செல்வமலரை அவள் அண்ணன் வந்து அழைத்துப்போனான். அதோடு முடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். இன்றைய நோட்டுகளை ஆலயத்திலேயே வாங்கிப் பார்த்தேன். எல்லாரும் குருத்தோலைப் பவனியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கடைசி வரியில் மட்டும், நாற்பத்தொன்றிலும்: “இது வேறொருத்தி.”

ஏப்ரல் 7, பெரிய வெள்ளி

மூன்று மணி நேர ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன தாகத்தைப் பற்றிய தியானம் என்னுடையது. அதை விட்டுவிட்டேன். பீடத்தை விட்டு இறங்கி, நடுவில் வந்து நின்று, எல்லாவற்றையும் சொன்னேன். சுகிர்தா என்று பெயர் சொன்னேன். மூன்று தரம் வந்தாள் என்றேன். அவள் கணவருக்குப் பயந்தேன், அவர் இல்லாமல் அந்தச் சேகரத்தில் எனக்கு ஒரு நாளும் ஓடாது, அதனால் பயந்தேன் என்றேன். அதிகாரியின் முன்னால் பொய் சொன்னேன் என்றேன். குரல் உடைந்தது, திரும்பவும் சொன்னேன். சனங்கள் தலையைக் குனிந்து எழுதிக்கொண்டேயிருந்தார்கள். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

முடிந்ததும் வாசலில் நின்றேன். யாராவது காறித் துப்பட்டும், யாராவது கையைப் பிடிக்கட்டும். மனோரஞ்சிதம் அக்கா வந்து, “தாகத்தப் பத்தி நல்லாச் சொன்னிய ஐயா. காடித் தண்ணி விஷயம் எனக்குப் புதுசு” என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடப் போனார்.

நோட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ஈசோப்புத் தண்டு. கடற்காளான். 1.40, காடி. 1.52, ஆத்துமாவின் தாகம். நான் தயார் செய்து, பேசாமல் விட்ட தியானம், வரிக்கு வரி.

தாவீதின் பக்கத்தில் ஒரு சிலுவை. அவ்வளவுதான்.

வெளியே வெயில் சுட்டது, எனக்குக் குளிரெடுத்தது. குருமனைக்கு வந்தேன். பிரிசில்லா கறுப்புச் சேலையோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் அவள் நோட்டு. நான் பேசினது அதில் இருக்கிறது, ஆறு பக்கம். குரல் உடைந்த இடத்தில் “மறுபடி சொன்னார்” என்று எழுதியிருக்கிறாள்.

“எனக்குக் கேட்டுது” என்றாள். “எனக்கு மட்டும்தான் கேட்டுதா?”

“ஆமாம்.”

வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, “அப்போ இது இவங்கட்ட சொல்ல வேண்டியது இல்ல. இவங்க அவளுக்கு என்ன செய்ய முடியும்?” என்றாள். “நானும் வாரேன். விசாரணையில என்னயும்தான கேட்டாங்க. நானும்தான தெரியாதுன்னேன்.”

ஏப்ரல் 9, ஈஸ்டர்

உயிர்த்தெழுந்தார். பாட்டு நன்றாக இருந்தது. பிரசங்கத்தை உபதேசியாரிடம் கொடுத்துவிட்டேன்.

ஏப்ரல் 10, திங்கள்

இரண்டு பேருந்து மாறி சுகிர்தாவின் தாயார் வீட்டுக்குப் போனோம். பெயர் அற்புதம். பீடி சுற்றுகிற அம்மா, தனியாக இருக்கிறார்கள். என் அங்கியைப் பார்த்ததும் எழுந்து நின்று “தோத்திரம் ஐயா” என்றார்கள். நாற்காலி போட்டார்கள். நான் தரையில் உட்கார்ந்தேன்.

சொன்னேன். சொல்லி முடியும்வரை இலையையும் தூளையும் மடியில் வைத்துக்கொண்டு, கையை அசைக்காமல் கேட்டார்கள். அவர்களுக்கு என் வார்த்தைகள் கேட்கின்றனவா என்ற பயம் எனக்கு. அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் கேள்வியை என்னிடம் கேட்கவில்லை. பிரிசில்லாவிடம் கேட்டார்கள்.

“கடைசியா வந்தன்னைக்கு என் பிள்ள சாப்பிட்டாளா?”

“காபி குடிச்சா, அம்மா. இட்லி வெச்சேன். தொடல. தலை துவட்டத் துண்டு குடுத்தேன்.”

“துண்டு குடுத்தியா” என்றார்கள். கொஞ்ச நேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு என்னைப் பார்த்தார்கள். “சொன்னத எழுதிக் குடுங்க ஐயா. நான் வக்கீல்ட்ட கொண்டுபோணும். ரெண்டு வருஷமா கையில ஒரு தாளும் இல்லாம அலையுதேன்.”

பிரிசில்லாவின் நோட்டில் மிச்சமிருந்த பக்கங்களைக் கிழித்து எழுதினேன். தேதி, மூன்று தரம் வந்தது, ஒவ்வொரு தரமும் அவள் சொன்னது, நான் சொன்னது, விசாரணையில் நான் மறைத்தது. ஒரு மணி நேரம் ஆயிற்று. கீழே ஞானதிரவியம் என்று கையெழுத்துப் போட்டேன். பிரிசில்லாவும் போட்டாள்.

“எனக்கு வாசிக்கத் தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க.”

வாசித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் கடைசிப் பக்கத்தில் கையை உயர்த்தினார்கள்.

“நில்லுங்க. அந்த வரிய இன்னொருக்க வாசிங்க.”

“‘அதற்கு மறுநாள் காலை அவள் தோட்டத்துக் கிணற்றில் தவறி விழுந்து...’”

“தவறியா?”

கிணற்றடியில் என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை என்றேன். அது உண்மைதான்.

“தவறுனதயும் நீங்க பாக்கலியே ஐயா” என்றார்கள். “அத அடிச்சிருங்க.”

அடித்தேன்.